வாய் தவறியவர்

நல்ல சைக்கிள் வைத்திருக்கிறவன் அதில் ஏறிப் போவான். இவர் தள்ளிக்கொண்டு போவார். சட்டமன்றத்தின் பின்வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, சாயங்காலம் ஆனால் போதும், கறுப்புச் சைக்கிளை வலது கையில் பிடித்தபடி, இடது பக்கம் வருகிற ஓர் அம்மாளோடு பேசிக்கொண்டே நடப்பார். அந்த அம்மாளுக்குப் பஸ் வந்து, அவர் ஏறி, உட்கார இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் சைக்கிளில் கால் வைப்பார். "சார் சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறார்" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

அங்கே அவருக்கு வைத்த பெயர் சிங்கிள் கியர். சைக்கிளுக்கும் ஒரே கியர், வீட்டிலும் ஒரே ஆள். இரண்டையும் கணக்கில் எடுத்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கல்யாணம் தள்ளிப்போய், மறுபடியும் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சை எடுக்கிறவர்களே இல்லாமல் போனார்கள். தங்கை மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். இவர் சங்கிலிக்கு எண்ணெய் போட்ட கதையை ஆரம்பித்ததும், "அண்ணா, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுவாள். அவள் வீட்டில் எப்போதும் அடுப்பில் பால் இருக்கும்.

வேலை என்னவென்றால், அவையில் உறுப்பினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, வெளியே வந்து தட்டச்சு செய்து தருவது. ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம். அது முடிந்ததும் அடுத்தவர் ஓசைப்படாமல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார், இவர் ஓசைப்படாமல் எழுந்து போக வேண்டும். அமைச்சர் வாக்கியத்தின் நடுவில் நின்றாலும் சரி, மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாலும் சரி. ஆகவே இத்தனை வருஷத்தில் ஒரு பேச்சைக்கூட முதலிலிருந்து கடைசிவரை அவர் கேட்டதில்லை. எல்லாம் நடுத்துண்டுகள்.

இவருக்கு அடுத்து வந்து உட்காருகிறவர்தான் அந்த அம்மாள். இவரை விடுவிக்க வருகிறவர் என்பதால் சுருக்கெழுத்துப் பிரிவில் அவருக்குப் பெயர் ரிலீவர் அம்மா. இவருடைய துண்டு எங்கே அறுந்ததோ அங்கேதான் அவருடைய துண்டு ஆரம்பிக்கும். சாயங்கால நடை அதற்காகத்தான் தொடங்கியது. "அப்புறம் அந்த ஆள் எப்படி முடிச்சார்?" என்று ஒருநாள் இவர் கேட்டார். ரிலீவர் அம்மா பஸ் நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாளும் கேட்டார். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

சிங்கிள் கியருக்கு இந்த உலகத்தில் இரண்டே பைத்தியங்கள். ஒன்று அந்தச் சைக்கிள். இன்னொன்று, அரசியல்வாதிகள் வாய் தவறிச் சொல்கிறவை. சுகாதாரத்துறைக்காரர் ஒருவர், "எங்கள் ஆட்சியில் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் யாரும் திரும்பிப் போவதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். இன்னொருவர், "குடிநீர்ப் பிரச்சினையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தோம்" என்றார், அவர் கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஓர் இரங்கல் தீர்மானத்தில், மறைந்தவரின் இடத்தை நிரப்ப ஆவலோடு காத்திருப்பதாக ஒருவர் குரல் தழுதழுக்கச் சொன்னார்.

இதெல்லாம் பதிவில் ஏறாது. தட்டச்சு அறையிலேயே திருத்திவிடுவார்கள். நோயாளிகள் திருப்பி அனுப்பப்படுவதில்லை என்று ஆகிவிடும், பிரச்சினை இருந்த இடத்தில் குடிநீர் வந்துவிடும். பேசியவர் சொல்ல நினைத்தது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது அந்தப் பிரிவின் மரியாதை. ஒலிப்பதிவு இருக்கிறதே, ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். சொன்னதை எடுத்துவைக்க இயந்திரம் போதும். சொல்லியிருக்க வேண்டியதை எழுத சம்பளம் கொடுத்துத்தான் ஆள் வைக்க வேண்டும்.

இன்னொரு மரியாதையும் உண்டு. அவையே குலுங்கிச் சிரித்தாலும் நடு மேஜையில் உட்கார்ந்திருக்கும் சுருக்கெழுத்தர் சிரிக்கக் கூடாது. கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு, கேட்காதவர் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இந்த முகத்தைத்தான்.

அப்படி அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் சாயங்காலம் ரோட்டில் இறங்கியதும் வெளியே வரும். ரிலீவர் அம்மா சிரிக்கும்போது நடக்க முடியாமல் நின்றுவிடுவார், சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொள்வார். "போதும் சார், வயிறு வலிக்குது" என்பார். சிங்கிள் கியர் அன்றைக்கு உலகத்தையே ஜெயித்தவர் மாதிரி வீட்டுக்குப் போவார்.

"மேடம், வாய் தவறுறது தப்பே இல்ல" என்பது அவருடைய சித்தாந்தம். "அந்த ஒரு செகண்டுதான் அந்த ஆள் காவல் இல்லாம வெளிய வர்றான். எனக்கு அப்பதான் அவங்களைப் பிடிக்கும். மறுநாள் வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு மறுக்கிறாங்க பாருங்க, அங்கதான் ஆள் சின்னதாயிடறான்."

சைக்கிளைப் பற்றியும் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார். கியர் மாற்ற வழி கிடையாது, கேரியர் கிடையாது, முன்னால் ஒரு பிரேக், பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரம் நிற்கும், அவ்வளவுதான். எதை எடுத்தால் சைக்கிள் ஓடாதோ அதை மட்டும் விட்டுவைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை, அவை சீக்கிரம் முடிந்து வண்டி நிறுத்தும் கொட்டகை காலியாகக் கிடந்தபோது, ரிலீவர் அம்மா அதில் ஏறிப் பார்த்தார். சின்ன வயதில் ஓட்டியதோடு சரியாம். முதல் சுற்றில் தூணில் மோதப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் கை நிதானப்பட்டது.

"இதுல ஒண்ணுமே இல்லையே சார்" என்றார், இறங்காமலே.

"அதான் மேடம்" என்றார் இவர்.

இன்னும் ஒரு சுற்று போய் வந்தார் ரிலீவர் அம்மா. அவருக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. சங்கிலிச் சத்தம்கூட இல்லாமல் அந்தச் சைக்கிள் தன்னை நோக்கி வந்ததை சிங்கிள் கியர் அப்புறம் பல நாள் நினைத்துப் பார்த்தார்.

அவருக்கு அந்த அம்மாளைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னால் அதுதான் விஷயம். ரிலீவர் அம்மா கணவரை இழந்தவர், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர். தடை என்று சொல்ல ஒன்றும் இல்லை, இவருடைய வாயைத் தவிர. ஊரார் வாய் தவறுவதை ரசிக்கிற மனுஷருக்குத் தன் வாயைத் திறக்கப் பயம். வீட்டில் மட்டும் தாராளமாகப் பேசுவார். மாடியில் வாடகைக்கு இரண்டு அறை, முன்னறையில் சைக்கிள், உள்ளே கட்டிலும் அடுப்பும். அரிசி களைந்துகொண்டே, "மேடம், கேளுங்க" என்று ஆரம்பித்து, நாளைக்குச் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். எங்கே நிறுத்தினால் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரும் என்று பார்த்து இரண்டாம் தடவையும் சொல்வார். கீழ் வீட்டுக்காரர் ஒருநாள், "விருந்தாளி யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். ரேடியோ என்று சொல்லிச் சமாளித்தார்.

இந்தக் கூட்டத்தொடர் பாதியில் இருக்கும்போதுதான் ரிலீவர் அம்மா அதைச் சொன்னார்.

"சார், நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டேன். பொண்ணுக்கு ரெட்டைக் குழந்தை. மாப்பிள்ளைக்கு எப்பவும் வெளியூர் வேலை. அவ நைட் டியூட்டிக்கு வேற போகணும், நர்ஸ் இல்லையா. தனியா திண்டாடுறா. கூட்டத்தொடர் முடிஞ்சதும் கிளம்பறேன்."

சிங்கிள் கியர், "ஓஹோ" என்றார். பிறகு பஸ் நிறுத்தம் வரை, சங்கிலி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விளக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பஸ் போன பிறகு ரோட்டோரத்தில் நின்று, தன்னைத்தானே மனசாரத் திட்டிக்கொண்டார்.

மிச்சமிருந்த சாயங்காலங்கள் ஒவ்வொன்றிலும் சொல்லிவிடுவது என்றுதான் பின்வாசலை விட்டு இறங்குவார். நீங்கள் போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போகாதீர்கள் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை, அந்த எண்ணமும் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் அன்றைக்கு ஏதாவது ஓர் அமைச்சர் குறுக்கே வந்துவிடுவார். "மேடம், இன்னைக்கு என் பத்து நிமிஷத்துல ஒண்ணு சிக்கிச்சு" என்று ஆரம்பித்துவிடுவார். ரிலீவர் அம்மாவும் சிரிப்பார். கடைசி வாரத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்தது. அடுத்து இவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருப்பவர் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கூட்டத்தொடரின் கடைசி நாள், அவை முடிந்ததும் தட்டச்சு அறையில் வழியனுப்பு விழா வைத்தார்கள். மேஜைகளை ஓரமாகத் தள்ளி, கேக் வாங்கி, காகிதக் கோப்பைகளில் டீ ஊற்றி வைத்திருந்தார்கள். பிரிவுத் தலைவர் பேசினார். அவர் பேசினால் அதில் திருத்த ஒன்றும் இருக்காது, கேட்கவும் ஒன்றும் இருக்காது. பிறகு, "நம்ம சிங்கிள் கியர் சார் ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அவர் தயாராகத்தான் வந்திருந்தார். முந்தின நாள் வீட்டில் பலமுறை பேசிப் பார்த்தது. மூன்று உளறல்களை வரிசையாக எடுத்து விட்டார். திரும்பிப் போகாத நோயாளிகளுக்கே அறை அதிர்ந்தது. ரிலீவர் அம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். இவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, கடைசி வாக்கியம் வரைக்கும்.

"மேடத்தை நாம சந்தோஷமாத்தான் வழியனுப்பறோம். பேரக் குழந்தைங்களைப் பார்க்கப் போறாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். நாளையிலேர்ந்து மேடம் இல்லாம என் வீடு வெறிச்சோடிப் போயிடும்."

பிரிவு என்று சொல்ல வேண்டியது. நம் பிரிவு வெறிச்சோடிப் போய்விடும் என்றுதான் வீட்டில் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் அவர் வீட்டுப் படியைக்கூட மிதித்ததில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

யாராவது சிரித்திருந்தால் பிழைத்திருப்பார். சிரித்திருந்தால், பார்த்தீங்களா, நானும் சேர்ந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இருந்தவர்கள் எல்லாரும் சுருக்கெழுத்தர்கள். ஒரே நேரத்தில் அத்தனை பேரும் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு, எதுவும் கேட்காத அந்த முகத்தை வைத்துக்கொண்டார்கள். பிரிவுத் தலைவர் கேக்கைப் பார்த்தார். சிங்கிள் கியருக்குக் காது மடல் கொதித்தது. நன்றி என்றோ என்னவோ முனகிவிட்டு உட்கார்ந்தார்.

ரிலீவர் அம்மா எழுந்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"எல்லாருக்கும் நன்றி. சார் சொன்னார், நான் இல்லாம நம்ம பிரிவு வெறிச்சோடிப் போயிடும்னு. அப்படியெல்லாம் ஆகாது சார். நல்ல ஆளுங்க வருவாங்க" என்றார்.

அறையே பெருமூச்சு விட்டது. திருத்தியாகிவிட்டது. தொழிலில் அவரைப் போல் சுத்தமாகத் திருத்துகிறவர் யாரும் இல்லை, ஒட்டுப் போட்ட இடமே தெரியாது. டீயை எடுத்துக்கொண்டார்கள், கேக்கை வெட்டினார்கள். சிங்கிள் கியருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். வாயில் போட்டார், மரத்தூள் மாதிரி இருந்தது. தன் வாயிலிருந்து உண்மையாக வந்த ஒரே வாக்கியத்தை, அதைக் கேட்க வேண்டியவரே அழித்துவிட்டாரே என்று நினைத்தார்.

ஆனாலும் அன்றைக்கும் சேர்ந்தேதான் நடந்தார்கள். ரிலீவர் அம்மா கையில் அன்பளிப்புப் பொட்டலம் இருந்தது, சுவர்க் கடிகாரமாம். இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எந்த அமைச்சரும் குறுக்கே வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்தது. அந்த அம்மாள் ஏறவில்லை.

"உங்க பஸ் மேடம்" என்றார் இவர்.

"அடுத்ததுல போறேன்."

கொஞ்ச நேரம் பொட்டலத்தின் நூலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு இவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சார், நான் அங்க மாத்திச் சொன்னது எல்லார் முன்னாடியும் உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுதான். நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. அது வாய் தவறி வந்ததா, இல்ல சொல்லணும்னு வந்ததா?"

கதவை இதற்கு மேல் யாரும் திறந்து வைக்க முடியாது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. சொல்லணும்னு வந்ததுதான் மேடம் என்று மூன்றே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து, தட்டச்சு அறையில் பார்த்த அத்தனை முகங்களும் கண்முன் வந்து நின்றன. வயதான காலத்தில் இது என்ன கூத்து என்று யாரோ கேட்டது போல இருந்தது. யாரும் கேட்கவில்லை.

"சேச்சே, வாய் தவறிடுச்சு மேடம்" என்றார். "பிரிவுன்னு சொல்ல வந்தேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நான் அந்த அர்த்தத்துலயே சொல்லல."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார், கண்றாவி.

ரிலீவர் அம்மா தலையாட்டினார். "அதானே" என்றார். "நானும் அப்படித்தான் நினைச்சேன்." அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். கூட்டம் அதிகம். உட்கார இடம் கிடைத்ததா என்று இவர் எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் திரும்பாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று அவர் சைக்கிளில் ஏறவே இல்லை. வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுக்கிறவர்களைப் பார்த்து இத்தனை காலம் எப்படியெல்லாம் சிரித்தோம். அவர்களுக்காவது பதவி போய்விடும் என்ற பயம் இருக்கும். தனக்கு என்ன போய்விடும்? போகிறது என்னவோ அந்த அம்மாள்தான், மறுத்தாலும் போகிறார், மறுக்காவிட்டாலும் போகிறார். அப்புறம் எதற்கு மறுத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. படுத்தும் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாள் இந்நேரம் பெட்டி கட்டி முடித்துத் தூங்கியிருப்பார், நாம்தான் கிடந்து புரள்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் பல் தேய்த்த கையோடு போனை எடுத்தார். அந்த அம்மாளின் ரயில் விடிந்ததும் கிளம்பியிருக்கும் என்று தெரியும். ஸ்டேஷனுக்கே போயிருக்கலாம். போகத் துணிச்சல் வரவில்லை. முகத்தைப் பார்த்தால் மறுபடியும் அமைச்சர் யாராவது வந்துவிடுவார் என்ற பயம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்தபோது குரல் கேட்டது.

"சொல்லுங்க சார்."

பின்னால் ரயில் சத்தம், யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

"மேடம், நேத்து பஸ் ஸ்டாப்புல ஒண்ணு கேட்டீங்களே."

"ம்."

"அது வாய் தவறி வந்ததுதான். ஆனா பொய் இல்ல. வீட்டுல நான் பேசறது பூரா உங்க கூடத்தான். அதான் அப்படி வந்துச்சு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.



"நேத்து நான் மறுத்திருக்கக் கூடாது" என்றார் இவர். "நேத்தே சொல்லியிருந்தா நீங்க..."

"போயிருப்பேன் சார். அதுல மாத்தம் இல்ல. பொண்ணு தனியா கஷ்டப்படறா, போய்த்தானே ஆகணும்." குரல் எப்போதும் போல நிதானமாகத்தான் இருந்தது. பிறகு அது கொஞ்சம் இறங்கியது. "ஆனா ராத்திரி பூரா, இந்த வயசுல நான் என்னத்தைப் போய் நினைச்சுக்கிட்டேன்னு கூனிக் குறுகிக் கிடந்திருக்க மாட்டேன்."

சிங்கிள் கியருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாளைக் காவல் இல்லாமல் வெளியே வரவைத்துவிட்டு, தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார். ராத்திரி முழுக்கத் தன் வெட்கத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு புரண்டவருக்கு, அந்தப் பக்கம் ஒருவர் வெட்கப்பட்டுக் கிடப்பார் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

"மேடம்" என்றார்.

"சொல்லுங்க சார்."

என்ன சொன்னாலும் நேற்றைக்குப் போய்ச் சேராது. வாயில் வந்தது இதுதான்.

"பாத்துப் போங்க."

"சரி சார்" என்றார் ரிலீவர் அம்மா. அழுத குழந்தையை யாரோ தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.